மாட்டுத்தலை அண்ணன் காவல் காத்த பாஸ்போர்ட்

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகளே, போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்: "டீச்சர், நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்ல நம்ம கதையே மலை மாதிரி கிடக்கு. கிரேக்க நாட்டு விசித்திரப் பிறவியெல்லாம் எதுக்கு டீச்சர்?" நியாயமான கேள்விதான். இதே கேள்வியை இதைவிடக் காரமாக என் தலைமை ஆசிரியரிடம் கேட்டவள் நான். போனில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பள்ளிக்கு விழிதியூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், ஊருக்குள்ளிருந்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு கூட்டத்துக்கு அப்பா வயலில், இன்னொரு கூட்டத்துக்கு வாப்பா துபாயில். தலைமை ஆசிரியர் சுரக்குடிக்காரர். ஆள் நல்ல பருமன். அவரைப் பிள்ளைகள் பெரிய சார் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பள்ளிக்கு யாரோ கொடுத்த புத்தகப் பெட்டியில் படம் போட்ட பெரிய கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. சிறகு முளைத்த குதிரை, வெட்ட வெட்டத் தலை முளைக்கும் பாம்பு, நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு ஒரு ராட்சசன். மனிதர் மயங்கிப்போனார். தினமும் கடைசி பீரியடு நான்காம் வகுப்புக்குக் கதை நேரம் என்று அறிவித்து, கணக்குப் பாடத்துக்கு நான் வைத்திருந்த நேரத்தைப் பறித்துக்கொண்டார்.

"இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டுமா சார்?" என்றேன்.

"ஒட்ட வைக்கிறது என் வேலை இல்லம்மா. அதுங்களே இழுத்து ஒட்டிக்கும், பாருங்க."

அவர் சொன்னது நடந்தது. மனித முகமும் சிங்க உடம்பும் கொண்ட ஸ்பிங்க்ஸ் படத்தைக் காட்டியபோது, "இது எங்க ஊர் கோயில் தூண்லயே இருக்கு சார்" என்று ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள். தலைமுடியெல்லாம் பாம்பாக மாறிய மெடூசாவின் தலையை வெட்ட ஒரு வீரன் வருகிற படத்தைக் காட்டியபோதும் யாரும் பயப்படவில்லை. எங்கள் ஊரில், அழகு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று சாமியிடமே கேட்டு வாங்கிய ஒரு அம்மாவுக்குக் கோயில் இருக்கிறது. வருடா வருடம் அந்த அம்மாவின் கதையைக் கொண்டாடி மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், பிள்ளைகள் முண்டியடித்துப் பிடிப்பார்கள். "எங்க ஊர் அம்மாவைக் கும்பிடுறோம். இவங்க தலையை மட்டும் ஏன் சார் வெட்டணும்?" என்று கேட்டார்கள். பெரிய சார் வெட்டுகிற இடத்தைச் சொல்லாமலே அந்தக் கதையை மூடினார்.

மினோட்டார் கதையில்தான் பிள்ளைகள் அவரை முழுதாகத் தோற்கடித்தார்கள். மனித உடம்பும் காளைத் தலையும் கொண்ட ஒரு பிறவி. அதை ராஜா ஒரு சிக்கலான சுற்றுக்கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறான். உள்ளே போனவர்கள் வழி தெரியாமல் அதற்கே இரையாவார்கள். கடைசியில் ஒரு வீரன் போய் அதைக் கொல்ல வேண்டும். பெரிய சார் கையை வீசி, குரலைத் தாழ்த்தி, உறுமிக் காட்டினார். விழிதியூர்த் தமிழினி எழுந்து நின்றாள். வீட்டில் மூன்று மாடு கட்டியிருப்பவள்.

"அதுக்குத் தண்ணி காட்டுறது யாரு சார்?"

"தண்ணியா?"

"வைக்கோல் போடுறது? அடைச்சே வச்சிருந்தா எந்த மாடும்தான் முட்டும். அதைப் போய் கொல்றதா?"

வகுப்பு முழுவதும் அவள் பக்கம் சாய்ந்தது. வீரன் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. பிள்ளைகள் மளிகைக் கடை அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி ஒரு சுற்றுக்கோட்டை செய்தார்கள். நடுவில் களிமண்ணில் பிடித்த மாட்டுத்தலை அண்ணன். ஆமாம், அப்படித்தான் பெயர் வைத்தார்கள். அதற்குள் கையை விடுகிற யாரும் முதலில் ஒரு பிடி வைக்கோல் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதற்காக ஒரு பிஸ்கட் டின் நிறைய வைக்கோல் வகுப்புக்கு வந்தது. கூட்டிப் பெருக்கிய எனக்குத்தான் இடுப்பு ஒடிந்தது.

பிள்ளைகள் ஒரு கதையை எங்கே பிடித்துக்கொள்கிறார்களோ அங்கே விட்டுவிடுங்கள். புத்தகத்தில் இருக்கிற முடிவுக்கு அவர்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இது எனக்கு அன்றைக்கு வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது. இதனால் ஒரு குடும்பமே பிழைக்கப் போகிறது என்று தெரியாது.

பெரிய சாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதையை எப்போதும் முக்கியமான இடத்தில், சரியாக மணி அடிக்கும்போது நிறுத்துவார். அறுவடைக் காலத்திலும் மழைக் காலத்திலும் பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள் அல்லவா? "பாதியில நிறுத்துனா மீதியைக் கேக்கவாச்சும் மறுநாள் வரும்மா" என்பார். வந்தார்கள்தான். எங்கள் வகுப்பு வருகையைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். நாங்கள் எல்லோருமே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு பெருமையாகச் செய்துகொண்டிருந்தோம்.

ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை. அன்றைக்குக் கடலில் பாடும் பறவைப் பெண்களின் கதை. கிரேக்கர்கள் அவர்களைச் சைரன்கள் என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சைரன் என்றால் ஆம்புலன்ஸ், அதனால் பெரிய சார் பாட்டுப் பறவைகள் என்று மாற்றிக்கொண்டார். பெண் முகம், பறவை உடம்பு. பாறைமேல் உட்கார்ந்து பாடுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்ட கப்பல்காரர்கள் வீடு வாசலை மறந்து அங்கேயே போய்ச் சேர்ந்து, திரும்பி வரவே மாட்டார்கள். ஒரு கப்பல் அந்தப் பக்கம் வருகிறது. தூரத்தில் மெல்லப் பாட்டுக் கேட்கிறது. மணி அடித்தது. பெரிய சார் புத்தகத்தை மூடிவிட்டு, மீதி நாளைக்கு என்று எழுந்து போனார்.

வியாழக்கிழமை காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. மதியம் மழை விடுமுறை என்று செய்தி வந்தது. கதை நேரம் வருவதற்குள் பிள்ளைகளை அவசர அவசரமாக வீட்டுக்கு அனுப்பினோம். எல்லோரும் கிளம்பியும் தமிழினி மட்டும் வகுப்பின் மூலையில் எதையோ தூக்கிக்கொண்டு நின்றாள். வேன் போய்விடும், சீக்கிரம் வா என்று அதட்டிவிட்டு நான் வேனடிக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமையும் விடுமுறை. கப்பல் பாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரிஸ்வானாவின் உம்மா போன் செய்தார். ரிஸ்வானா என் வகுப்புப் பிள்ளை, அதிகம் பேசாதவள்.

"டீச்சர், அவ வாப்பாவோட பாஸ்போர்ட்டைக் காணோம் டீச்சர். இவதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கா. அடிச்சும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன், வாயைத் திறக்க மாட்டேங்குறா. கேட்டா, கப்பலுக்குப் போனா பாட்டுப் பறவை பிடிச்சுக்கும், பெரிய சார் சொன்னாங்கங்குறா. என்ன டீச்சர் சொல்லிக் குடுக்குறீங்க அங்க?"

 அவளுடைய வாப்பா வளைகுடாவில் கப்பல் எஞ்சினில் வேலை பார்ப்பவர். பழைய ஒப்பந்தம் முடிந்து, அடுத்த கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் ஒன்று அமைந்திருந்தது. மறுநாள் விடியற்காலை திருச்சியிலிருந்து விமானம். அன்று மாலையே காரில் ஏறியாக வேண்டும். போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக நிற்பான்.

பெரிய சாருக்குச் சொன்னேன்.  "கிளம்பி நில்லுங்கம்மா, வர்றேன்" என்றார். கொட்டுகிற மழையில் அவர் ஸ்கூட்டரில் வந்து நின்றபோது, இவ்வளவு பெரிய மனிதர் பாதியாகத் தெரிந்தார்.

அந்த வீட்டில் அலமாரி, மெத்தை, அரிசி டின் எல்லாம் கலைந்து கிடந்தன. நடுவில் கட்டி முடித்த சூட்கேஸ். ரிஸ்வானா கட்டிலின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை. அவளுடைய வாப்பா எங்களைப் பார்த்து, "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த நிலைமையிலும் அந்த மரியாதை.

பெரிய சார் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மாடி, அது சும்மா கதைம்மா. அப்படிப் பறவையெல்லாம் கிடையாது."

ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மாட்டுத்தலை அண்ணனும் கிடையாதா சார்?"

பெரிய சார் விழித்தார்.

"றெக்கைக் குதிரை?"

அவர் முகத்து மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பாஸ்போர்ட்டுக்காகப் பொய் சொல்றீங்க" என்றாள். கோபமாகக்கூட இல்லை. ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்த மாதிரி சொன்னாள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் வரும். பிள்ளை பயந்து கிடக்கிறது, பெற்றவர்கள் கைகட்டி நிற்கிறார்கள், மழை கொட்டுகிறது, கார் வரப் போகிறது. 'எல்லாம் பொய்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுத் தப்பிக்கத்தான் மனசு துடிக்கும். பெரிய சாருக்கும் துடித்தது, சொல்லியும் பார்த்தார். அந்தப் பிள்ளை அதை ஒரு நொடியில் பிடித்துவிட்டது. பயம் வந்தது கதைக்குள் இருந்து. மருந்தும் அங்கிருந்துதான் வர வேண்டும், வெளியிலிருந்து எறிந்தால் உள்ளே போகாது.

பெரிய சார் சட்டென்று தரையில் உட்கார்ந்தார். ஈர வேட்டியோடு சம்மணம் போட்டுக்கொண்டு கேட்டார்: "கதை எங்கம்மா நின்னுச்சு?"

"கப்பல் பாட்டுக்குப் பக்கத்துல போயிடுச்சு. மணி அடிச்சிடுச்சு."

"மணி அடிச்சது என் தப்பு. கப்பல் தலைவன் என்ன செஞ்சான் தெரியுமா?"

உம்மா குறுக்கே வந்தார். "சார், நேரமாகுது, இப்பப் போய்..." வாப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பெரிய சார் அவசரமே படவில்லை. வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். பாட்டுப் பறவைகளைப் பற்றிக் கப்பல் தலைவனுக்கு முன்கூட்டியே தெரியும். அவன் மெழுகை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, கப்பலில் இருந்த ஒவ்வொருவர் காதிலும் அடைத்தான். அவனுக்கு மட்டும் பாட்டைக் கேட்க ஆசை. அதனால் தன்னைப் பாய்மரத்தோடு கயிற்றால் கட்டச் சொன்னான். பறவைகள் பாடின. அவன் திமிறினான், கெஞ்சினான். மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கப்பல் பாறையைத் தாண்டிவிட்டது.

"எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்களா?"

"அந்தப் பாறையில ஒருத்தரும் மாட்டலம்மா."

புத்தகத்தில் அதற்குப் பிறகும் அந்தக் கப்பலுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கிறது. அவர் கேட்டதற்கு மட்டும், பொய்யில்லாமல், பதில் சொன்னார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

ரிஸ்வானா யோசித்தாள். பிறகு வாப்பா பக்கம் திரும்பினாள். "உங்க கப்பல்ல மெழுகு இருக்கா வாப்பா?"

பெரிய சார் என்னைப் பார்த்தார். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய வாப்பா சூட்கேஸைத் திறந்தார். அழகாக அடுக்கியிருந்த சட்டைகளைக் கலைத்து, அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்து, அதிலிருந்ததை மகளின் கையில் கொட்டினார். ஆரஞ்சு நிறத்தில், விரல் நுனி அளவுக்கு, பஞ்சு போல மெத்தென்று சில உருளைகள்.

"எஞ்சின் ரூமுக்குள்ள இதைக் காதுல அடைக்காம ஒருத்தரையும் விட மாட்டாங்கம்மா. சத்தம் அப்படி. எல்லாருக்கும் குடுத்திருக்காங்க."

"எல்லாருக்குமா?"

"கேப்டன்லேருந்து சமையல்காரர் வரைக்கும்."

அவள் ஒன்றை அமுக்கிப் பார்த்தாள். இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லுங்க உம்மா" என்றாள். உம்மா காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். எழுத முடியாத வசவெல்லாம் அதில் இருந்தது. முழுவதும் முடிந்ததும் ரிஸ்வானா சிரித்தாள். "கேக்கல."

வாப்பா முதலில் சிரித்தார். பிறகு உம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

காதிலிருந்து அவற்றை எடுத்து வாப்பாவின் சட்டைப் பையில் அவளே போட்டாள். பிறகுதான் சொன்னாள்: "பாஸ்போர்ட் மாட்டுத்தலை அண்ணன்கிட்ட இருக்கு."

"யாரு அவன்? எந்தத் தெரு?" என்று வாப்பா பதறி எழுந்தார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. அந்தக் கோட்டைக்குள் போனது எதுவும் வெளியே வராது என்று கதையில் கேட்டிருக்கிறாள், வியாழக்கிழமை காலை கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டாள். ஆனால் அந்த அட்டைக்கோட்டை இருந்தது வகுப்பறை மூலையில், தரையில். இரண்டு நாள் மழை பெய்தால் எங்கள் பள்ளிக்குள் தண்ணீர் வரும்.

நாங்கள் போனபோது வாசலில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் தெருவில் மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வானா வாப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தாள். பெரிய சார் பூட்டைத் திறந்தார். அவசரத்தில் சாவி ஒரு தரம் தண்ணீரில் விழ, தடவி எடுத்தோம். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீரில் சாக்பீஸ் டப்பாக்கள் மிதந்தன. மூலையில் கோட்டை இல்லை. ரிஸ்வானாவின் வாப்பா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அங்க" என்றாள் தோளில் இருந்தவள்.

என் மேசைமேல் ஒரு சின்ன ஸ்டூல். ஸ்டூல்மேல் அட்டைக்கோட்டை. அதன்மேல் ஒரு பழைய சாக்கு நன்றாகப் போர்த்தியிருந்தது. அப்போதுதான் வியாழக்கிழமை தமிழினி மூலையில் எதைத் தூக்கிக்கொண்டு நின்றாள் என்று புரிந்தது. அவளுக்குப் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு கேட்டபோது, "மழையில மாட்டைக் கீழ விட்டுட்டா போவாங்க டீச்சர்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

வாப்பா சாக்கை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விடப் போனார்.

"வைக்கோல் வைக்கணும் வாப்பா."

அவர் எங்களைப் பார்த்தார். பெரிய சார் கொஞ்சமும் சிரிக்காமல் பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினார். விமானத்துக்குப் போக வேண்டிய மனிதர், தண்ணீரில் நின்றுகொண்டு, களிமண் மாட்டுத்தலை முன்னால் ஒரு பிடி வைக்கோலைப் பணிவாக வைத்தார். பிறகு உள்ளேயிருந்து மகளின் டிபன் டப்பாவை எடுத்தார். டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் பாஸ்போர்ட். சொட்டு ஈரம் இல்லை.

அன்று மாலை கார் கிளம்பும்போது ரிஸ்வானா அழவில்லையாம். ஒன்று மட்டும் சொன்னாளாம்: "ஒரே ஒரு நாள் கயித்தால கட்டிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க வாப்பா. எப்படிப் பாடுச்சுன்னு வந்து சொல்லணும்."

பள்ளி திறந்த அன்று பெரிய சார் ஆசிரியர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் யாரும் கப்பலை நடுக்கடலில் விட்டுவிட்டு மணியைப் பார்த்து எழுந்து போகக் கூடாது என்றார். நிறுத்துவதாக இருந்தால் பிள்ளை கையில் ஒரு மெழுகுத் துண்டாவது கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். மீதியைக் கேட்க வராத பிள்ளையும் உண்டு, வர முடியாத நாளும் உண்டு. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய பாடம் நம் தொழிலில் இல்லை.

அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து ரிஸ்வானாவின் வாப்பா ஊருக்கு வந்தார். வந்த இரண்டாம் நாளே, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்து நின்றார். ரிஸ்வானா அப்போது ஐந்தாம் வகுப்பு. பெரிய சார் அவரைக் கடைசி பீரியடில் அந்த வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கூச்ச சுபாவம், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். முதல் கேள்வியைத் தமிழினிதான் கேட்டாள்.

"பாட்டுக் கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சும்மா."

 ரிஸ்வானா எழுந்தாள். "காதுல அடைச்சுக்கலியா வாப்பா?"

"அடைச்சுத்தான் இருந்தேன். அடைச்சும் கேட்டுச்சு."

"என்னன்னு பாடுச்சு?"

அவர் வேட்டி நுனியை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"எப்ப வருவீங்க வாப்பா, எப்ப வருவீங்க வாப்பான்னு பாடுச்சு. தினமும் பாடுச்சு. கயிறு கட்டியிருந்ததாலதான் கடல்ல குதிக்காம இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து மணியடிக்கிறவர் வராந்தாவில் வந்தார். பெரிய சார் அவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ரிஸ்வானா வாப்பாவின் நாற்காலிக்கு நடந்து போய்ச் சேரும் வரைக்கும் எங்கள் பள்ளியில் அன்றைக்கு மணி அடிக்கவில்லை.